ஒரு மேனேஜருக்கு எத்தனை காலம் கொடுப்பது நியாயம்?

நீங்கள் கேட்டது இது: உங்களுக்குப் பிடித்த கால்பந்து கிளப்புக்குப் புது மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், வந்து எட்டு மாதம் ஆகிறது, அணி புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடக்கிறது, நண்பர்கள் எல்லோரும் "அனுப்பிவிட வேண்டியதுதான்" என்கிறார்கள், நீங்கள் மட்டும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்குசனுக்குக் கிடைத்த அவகாசத்தைச் சொல்லி வாதாடுகிறீர்கள். எத்தனை வருடம் கொடுத்தால் நியாயம் என்று ஓர் எண்ணைக் கேட்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியைப் பார்த்து, இது உருவாகிக்கொண்டிருக்கிறதா, சிதைந்துகொண்டிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு விடை தெரிந்தால் வருடக் கணக்குக்கு அவ்வளவு வேலை இருக்காது. நான் பயிற்சியாளர் உரிமம் பெற்றவன், இளையோர் அணிகளோடு பல காலமாக வேலை செய்கிறவன். பெரிய கிளப்பின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் இருந்தவன் அல்ல. வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் வாரத்தில் தொண்ணூறு நிமிடம்தான் கண்ணில் படும். மீதியெல்லாம் மூடிய மைதானத்தில் நடக்கிறது. அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஃபெர்குசன் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பொறுமையைப் பற்றிப் பேசும் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அவர் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது 22 அணிகளில் அது 21ஆம் இடத்தில் இருந்தது. முதல் ஆட்டமே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டிடம் 2-0 தோல்வி. அந்த சீசன் 11ஆம் இடம், அடுத்தது 2ஆம் இடம், பிறகு மறுபடி 11, அதன் பிறகு 13. 1989 செப்டம்பரில் ஊர்ப் போட்டியாளரான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று அடி வாங்கினார்கள். மூன்று வருடமாகச் சாக்குதான் கேட்கிறோம் என்று ரசிகர்கள் மைதானத்தில் பதாகை பிடித்தார்கள். 1990 ஜனவரியில், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த ஒரே கோலில் ஜெயித்து, மே மாதம் அந்தக் கோப்பையையே தூக்கினார்கள். லீக் பட்டம் வர 1993 ஆனது, அதுவும் 26 வருட இடைவெளிக்குப் பிறகு. இவ்வளவும் உறுதியான செய்திகள். ராபின்ஸின் கோல் மட்டும் விழாமல் போயிருந்தால் மறுநாளே அனுப்பியிருப்பார்கள் என்பது அப்படி உறுதியானதல்ல. அப்போதைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் அவரை நீக்கும் எண்ணமே இருக்கவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அதை நம்பத்தான் தோன்றுகிறது, காரணம் சொல்கிறேன்.

ஃபெர்குசன் வெறுங்கையோடு வந்தவர் அல்ல. ஸ்காட்லாந்தில் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்த லீக்கை அபர்டீன் என்ற அணியோடு 1980, 1984, 1985 என்று மூன்று முறை வென்றவர். 1983இல் அதே அபர்டீனை வைத்து கோதன்பர்க்கில் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றவர். இவரால் கட்டி எழுப்ப முடியும் என்பதற்கு நிர்வாகத்தின் கையில் சாட்சி இருந்தது. அதோடு, கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று கிளப்புக்குள் நடந்துகொண்டிருந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே இளம் வீரர்களைத் தேடும் ஆட்களைப் பெருக்கினார். ரயன் கிக்ஸ் என்ற பையனுக்குப் பதினான்கு வயது நிறைந்த அன்று, 1987இல், அவன் வீட்டுக்கே போய்ப் பேசினார். பட்டியலில் 11, 13 என்று எழுதியிருந்த அந்த வருடங்களில்தான் 1992இல் இளையோர் கோப்பையை வென்ற தலைமுறைக்கு விதை போடப்பட்டது. எட்வர்ட்ஸும் மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு "ஃபெர்குசனுக்கு ஆறரை வருடம் கொடுத்தார்களே" என்று சொன்னால் அது பாதிக் கதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட காலம் இருந்தவர்கள் ஜெயித்தார்கள் என்று நாம் சொல்கிறோம். ஜெயித்ததால்தான் நீண்ட காலம் இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. வெங்கர் ஆர்சனலில் 22 வருடம் இருந்தார், ஆனால் 1996இல் வந்தவர் 1998இலேயே லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றுவிட்டார். பொறுமை காட்டியும் ஒன்றும் விளையாத மேனேஜர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. அவர்களை வைத்து யாரும் வாதாடுவதும் இல்லை. அதனால் "பொறுமை காட்டினால் வெற்றி வரும்" என்பதை யாராவது நிரூபிக்கப்பட்ட உண்மையாகச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

எது ஓரளவு நிரூபிக்கப்பட்டது என்றால், நீக்குவதால் பெரும்பாலும் பெரிய பலன் இல்லை என்பது. மேனேஜரை மாற்றியதும் அணி துள்ளி எழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான காலத்தை எடுத்துக்கொண்டு பாஸ் டெர் வெயல் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்தார். சரிவு கண்டு மேனேஜரை நீக்கிய அணிகள் பிறகு எழுந்தன, சரிதான். ஆனால் அதே மாதிரிச் சரிவு கண்டும் நீக்காமல் விட்ட அணிகளும் எழுந்திருந்தன. காரணம் எளிது. ஓர் அணியின் உண்மையான தரத்துக்குக் கீழே முடிவுகள் விழுந்திருக்கும்போதுதான் நீக்குகிறார்கள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போவது, முக்கிய ஆள் காயம், தவறான பெனால்டி எல்லாம் ஒரே சமயத்தில் குவிந்த நேரம் அது. அந்தக் குவியல் எப்படியும் கலையும். கலையும் வாரத்தில் யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்குப் பெயர் கிடைக்கிறது.

உங்கள் நண்பர்கள் இதற்குப் பதிலாகச் செல்சீயைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை நீக்கி டி மத்தேயோவை உட்காரவைத்தார்கள். மே மாதம் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் கையில் இருந்தது. 2021 ஜனவரியில் லாம்பார்டை நீக்கி டுகெலைக் கொண்டுவந்தார்கள். மறுபடி அதே கோப்பை. ஜெர்மனியின் பயர்ன் 2019 நவம்பரில் கோவாச்சுக்குப் பதிலாக ஃபிளிக்கை வைத்து, அடுத்த ஆகஸ்டில் பார்சிலோனாவுக்கு எட்டு கோல் போட்டு, மூன்று பட்டங்களோடு சீசனை முடித்தது. இவை தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அணிகளைக் கவனியுங்கள். டெர்ரி, லாம்பார்ட் (அப்போது அவர் வீரர்), ட்ரோக்பா, செக் என்று பல வருடம் சேர்ந்து ஆடிய முதுகெலும்பு 2012 செல்சீயில் இருந்தது. நோயர், முல்லர், லெவன்டாஸ்கி என்று வரிசையாக லீக் வென்ற கூட்டம் பயர்னில் இருந்தது. வீடு ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் மேனேஜருக்கும்தான் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆளை மாற்றினால் உடனே பலன் தெரியும். கட்ட வேண்டிய அணிக்கு இந்த உதாரணம் செல்லாது. உங்கள் கிளப் இரண்டில் எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கட்டுவதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை ஒரே ஒரு விஷயத்தை வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் இதை ஆடிப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. எதிரணி பின்னால் பந்தை உருட்டுகிறது. நடுப் பின்காவலரான சென்டர்-பேக், ஓரப் பின்காவலரான ஃபுல்-பேக்குக்குப் பந்தைத் தள்ளுகிறார். நாம் மேலேறி பிரஸ் செய்யும் (எதிரணியை அவர்கள் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்கும்) அணி என்றால், அந்தப் பாஸ் காலைவிட்டுக் கிளம்பும்போதே, ஓரத்தில் முன்னால் ஆடும் நம் விங்கர் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்; பந்து போய்ச் சேர்ந்த பிறகு ஓடினால் வீண். நேராகவும் ஓடக்கூடாது. உள்பக்கமாகப் போகக்கூடிய பாஸைத் தன் உடலால் மறைத்துக்கொண்டு வளைந்து ஓட வேண்டும். அவர் கிளம்பிய அதே நேரத்தில் பின்னாலிருக்கும் மிட்ஃபீல்டர் தன் ஆளை விட்டுவிட்டு முன்னால் வர வேண்டும், நம் ஃபுல்-பேக் அவர் விட்ட இடத்துக்கு வர வேண்டும், சென்டர்-பேக் தன் முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலி இடத்தை விட்டுவிட்டு நடுக்கோடு வரை ஏறி நிற்க வேண்டும். இதில் ஒருவர் அரை நொடி தயங்கினாலும் ஒரே பாஸில் எதிரணி நம் கோல்கீப்பர் முன்னால் நிற்கும். டிவியில் அது சென்டர்-பேக்கின் தவறாகத் தெரியும். தவறு முன்னாலேயே, விங்கர் ஓடிய கோணத்தில் நடந்திருக்கும்.

இதைப் பலகையில் வரைந்து சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். உடம்புக்குள் இறங்குவதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன. பின்னால் இருப்பவன் வருவான் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த விங்கரும் உயிரைக் கொடுத்து ஓட மாட்டான். முன்னால் இருப்பவன் வழியை மறைப்பான் என்று தெரியாமல் எந்த சென்டர்-பேக்கும் மேலே ஏற மாட்டான். அந்த நம்பிக்கை சேர்ந்து செய்து, தவறி, கோல் வாங்கி, மறுபடி செய்துதான் வருகிறது. நான் வேலை செய்த பையன்களிடமும் இதைத்தான் பார்த்திருக்கிறேன்: எல்லோருக்கும் வரிசை மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், ஆனால் ஒரு கோல் விழுந்ததும் கடைசி வரிசை நான்கு பேரும் சொல்லிவைத்தாற்போல ஐந்து அடி பின்னால் போய்விடுவார்கள். பெரிய கிளப்பில் இதற்கு நேரமும் இல்லை. சனி, புதன், சனி என்று ஆட்டம் வந்தால், ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வும் மசாஜும், முந்தின நாள் கார்னர், ஃப்ரீ கிக் ஒத்திகை. முழு வேகத்தில் சொல்லிக்கொடுக்க நாளே மிஞ்சாது. சீசன் நடுவில் வந்த மேனேஜருக்கு சீசனுக்கு முந்தைய கோடைப் பயிற்சியே கிடைத்திருக்காது. அதனால்தான் முதல் எட்டு மாதத்தை வைத்து ஒருவரின் ஆட்ட முறையை எடைபோட நான் தயங்குகிறேன்.

ஆள் மாற்றம் அடுத்தது. ஒப்பந்தங்கள் நான்கு, ஐந்து வருடத்துக்குப் போடப்படுகின்றன. பிடிக்காத வீரரை உடனே அனுப்ப முடியாது. குவார்டியோலா 2016இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த முதல் சீசனில் ஒரு கோப்பையும் இல்லை. அவருடைய முறையில் ஃபுல்-பேக்குகள் மேலும் கீழும் ஓயாமல் ஓட வேண்டும். அவருக்குக் கிடைத்த ஸபலேடா, சன்யா, கிளிஷி, கொலரோவ் நால்வரும் முப்பதைத் தாண்டியவர்கள். 2017 கோடையில் நால்வரும் போனார்கள், வாக்கர் போன்றவர்களும் எடர்சன் என்ற கோல்கீப்பரும் வந்தார்கள், அடுத்த சீசன் 100 புள்ளி. உலகத்திலேயே அதிகப் பணமும் சிறந்த மூளையும் சேர்ந்த இடத்திலேயே ஒரு வருடமும் ஒரு முழு டிரான்ஸ்ஃபர் விண்டோவும் (வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்பட்ட காலம்) தேவைப்பட்டன. பணம் குறைந்த இடத்தில் இரண்டு மூன்று விண்டோ என்று கணக்கு வைப்பதில் தவறில்லை.

இனி அறிகுறிகளுக்கு வருகிறேன், நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான். ஆர்டேடா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்தார். எஃப்.ஏ. கோப்பையை வென்றாலும் லீக்கில் 8ஆம் இடம். அடுத்த சீசனும் 8. 2021-22 சீசன் தொடங்கியதும் ப்ரென்ட்ஃபோர்ட், செல்சீ, சிட்டி என்று மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, பட்டியலில் கடைசி. அன்றைக்கு வாக்கெடுப்பு வைத்திருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் பட்டியலின் வேறொரு பத்தியைப் பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரிந்தது. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் ஆர்சனல் வாங்கிய கோல் 51. அவர் பாதியில் வந்த சீசனில் 48. அவருடைய முதல் முழு சீசனில் 39. சிட்டியும் செல்சீயும் மட்டுமே அதைவிடக் குறைவாக வாங்கியிருந்தன. பின்வரிசை கட்டப்பட்டுவிட்டது, முன்வரிசைதான் பாக்கி என்று அந்த எண் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேரும் 23 வயதோ அதற்குக் கீழோ. பெரிய சம்பளம் வாங்கிய ஓஸில், ஒபமெயாங் இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். எல்லா முடிவும் ஒரே திசையைப் பார்த்து எடுக்கப்பட்டன. அடுத்த இடங்கள் 5, பிறகு மூன்று சீசன் தொடர்ந்து 2.

எக்ஸ்ஜி என்ற கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்பதை வைத்து அது கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பது. ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டில் மேனேஜர் கிளாப்பின் கடைசி சீசனான 2014-15இல் அணி பிப்ரவரி தொடக்கத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசியில் 7ஆம் இடம். அவர் தீர்ந்துவிட்டார் என்றே பலர் பேசினார்கள். லிவர்பூலின் தரவு ஆய்வாளர் இயன் கிரஹாம் அந்த சீசனின் ஷாட்டுகளைக் கணக்குப் போட்டு, டார்ட்மண்ட் மோசமாக ஆடவில்லை, அதிர்ஷ்டம்தான் மோசம் என்று முன்பே கண்டிருந்தார். கிளாப் லிவர்பூலுக்கு வந்த சில வாரத்தில் அவரைச் சந்தித்து, மைன்ஸிடம் 2-0 தோற்ற ஆட்டத்தின் கணக்கைக் காட்டினார். அந்த ஆட்டத்தை கிரஹாம் பார்த்ததே இல்லை, எண்களை மட்டும்தான் பார்த்திருந்தார். பிரைட்டனும் 2020-21இல் வாய்ப்புகளைக் குவித்தும் கோல் விழாமல் 41 புள்ளியோடு 16ஆம் இடத்தில் முடித்தது. மேனேஜர் கிரஹாம் பாட்டரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசன் 51 புள்ளி, 9ஆம் இடம். ஒரு எச்சரிக்கை மட்டும்: நாலைந்து ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஆட்டம் சேர்ந்தால்தான் அது பேசத் தொடங்கும்.

எந்த நிலையில் பொறுமை தவறாகிறது? மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆட்ட முறை மாறிக்கொண்டே இருந்தால். வாங்கும் வீரருக்கும் ஆடும் முறைக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தால். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தைப் பறிகொடுத்ததும் வீரர்கள் திரும்பி ஓடாமல் நின்றால். இந்தக் கடைசி அறிகுறி வந்த பிறகு மீண்ட அணியை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ரனியேரி 2016இல் லெஸ்டரை லீக் சாம்பியனாக்கியவர். ஒன்பது மாதம் கழித்து அவரை நீக்கியபோது எனக்கு மனம் மிகவும் வலித்தது, இன்றும் அந்த நாளை நினைத்தால் வலிக்கிறது. ஆனால் 2017 பிறந்ததிலிருந்து லீக்கில் அந்த அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை, ஐந்து லீக் ஆட்டம் வரிசையாகத் தோற்றிருந்தது. நீக்கிய பிறகு ஐந்து லீக் ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள். மேலே நான் சொன்ன ஆராய்ச்சிப்படி அதில் ஒரு பகுதி தானாக வந்திருக்கும். முழுவதும் தானாக வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கீழ் டிவிஷனுக்கு விழுந்தால் டிவி வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும், அதோடு பலருடைய வேலையும் போகும். அந்தப் பயத்தில் முடிவெடுக்கும் நிர்வாகத்தை முட்டாள் என்று திட்டுவது எளிது, நியாயமல்ல.

அந்தப் பயத்தையும் வென்ற கிளப்புகள் உண்டு. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஃபோல்கர் ஃபிங்கெ 1991 முதல் 2007 வரை அங்கே இருந்தார். இடையில் அணி மூன்று முறை இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தும் அவரை விடவில்லை. கிறிஸ்டியன் ஷ்டிரைஷ் 2011 டிசம்பரில் பொறுப்பேற்றார், 2015இல் விழுந்தார், அவரையே வைத்து அடுத்த வருடமே மேலே வந்தார்கள், 2022இல் ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார்கள். இது ஒரு தனிமனிதரிடம் காட்டிய பொறுமை மட்டுமல்ல. எப்படி ஆடுவது, எங்கிருந்து வீரர்களை எடுப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதையெல்லாம் கிளப்பே முடிவு செய்து வைத்திருந்தது. மேனேஜர் அந்தத் திட்டத்துக்குள் வேலை செய்தார். ஷ்டிரைஷ் மேனேஜராகும் முன் பல வருடம் அந்தக் கிளப்பின் பையன்களைப் பயிற்றுவித்தவர். திட்டமே இல்லாத கிளப் ஒருவருக்கு ஐந்து வருடம் கொடுத்தாலும் அது ஐந்து வருடத் தள்ளிப்போடல்தான்.

உங்கள் அணிக்கு என்ன செய்யலாம் என்றால், மீதி ஆட்டங்களில் புள்ளிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வாங்கும் கோல் குறைகிறதா, பதினொரு பேரில் எட்டுப் பேராவது நிலையாக இருக்கிறார்களா, கோல் வாங்கிய அடுத்த பத்து நிமிடத்தில் பின்வரிசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இவை நன்றாக இருந்தால் ஒரு முழுக் கோடை விண்டோவும் அதன் பிறகு டிசம்பர் வரையும் கொடுப்பதுதான் என் கணக்கு; இது அனுபவத்தில் சொல்வது, ஆராய்ச்சி முடிவல்ல. மோசமாக இருந்தால் முடிவை மே மாதத்திலேயே எடுக்க வேண்டும், அக்டோபரில் அல்ல. 2024இல் மான்செஸ்டர் யுனைடெட் லீக்கில் 8ஆம் இடத்தில் முடித்து, எஃப்.ஏ. கோப்பையை வென்றது. டென் ஹாகை வைப்பதா விடுவதா என்று நிர்வாகம் வாரக்கணக்கில் யோசித்து, ஒப்பந்தத்தை நீட்டித்து, கோடையில் அவருக்கு ஏற்ற வீரர்களை வாங்கிக் கொடுத்து, ஒன்பதே லீக் ஆட்டங்களில், அக்டோபர் 28இல், நீக்கியது. அடுத்து வந்த அமோரிம் பின்னால் மூவரை நிறுத்தி ஆடுகிறவர். அவர் கைக்கு வந்ததோ நால்வர் பின்வரிசைக்காக வாங்கப்பட்ட அணி. கோடைப் பயிற்சி இல்லை, விண்டோ இல்லை, நவம்பரில் வேலை தொடங்கினார். அந்த சீசன் 15ஆம் இடத்தில் முடிந்தது.